நாற்பது நிமிட ஜங்ஷன்

ஒரு காட்டில் ஒரு ஜங்ஷன் இருந்தது. வடக்கே விளையும் சரக்கெல்லாம் மேற்குத் துறைமுகம் போக அங்கே வந்துதான் திரும்ப வேண்டும். எஞ்சினை முன்னால் கழற்றி, சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் மாட்ட நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தில்தான் காடே பிழைத்தது. குரங்கு வடை விற்றது. கரடி டிரைவருக்கு முதுகு பிடித்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் முள்ளம்பன்றி வேலாயுதம் கொடியும் கையுமாகக் கம்பீரமாக நிற்பார். பிளாட்பாரத்துக்கு அடியில்தான் அவர் வளை. மனைவி பேச்சியம்மாள் அங்கே நிறைமாதமாக இருந்தாள்.

கிழக்குக் கரையில் முதலை கன்டெய்னர் துறைமுகம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தபோது, கட்டச் சொல்லி மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரே வேலாயுதம்தான். சரக்கு பெருகினால் வண்டியும் பெருகும் என்று நம்பினார். திறப்பு விழா அன்று வாழைமரம் கட்டி, மாலையோடு காத்திருந்தார். முதல் வண்டியின் ஊதல் மட்டும் தூரத்தில் கேட்டது. கிழக்கே போகிறவனுக்கு இங்கே வந்து திரும்ப என்ன தலையெழுத்து? மலைக்கு அந்தப் பக்கம் புதுப்பாதை போட்டு, வடக்குச் சரக்கையெல்லாம் நேராகக் கிழக்கே கொண்டுபோய்விட்டார்கள். மாலையை மான் தின்றது.

தொடர்ந்து முப்பது நாள் ஒரு வண்டியும் நிற்காத ஸ்டேஷனை இழுத்து மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடினால் வளையையும் காலி செய்ய வேண்டும். வேலாயுதம் ஒரே ஒரு வண்டியையாவது இந்தப் பக்கம் அனுப்பும்படி முதலைக்கு எழுதினார். படிவம் வந்தது. 'வண்டி நிற்க வேண்டிய காரணம்' என்ற இடத்தில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எழுதி அனுப்பினார். போதிய காரணம் இல்லை என்று பதில் வந்தது.

முப்பதாம் நாள் ஸ்டேஷனை மூட நரி அதிகாரி வந்தார். அதிகாரிகள் ரயிலில்தான் வர வேண்டும் என்பதும் விதி. ஆகவே ஒரு எஞ்சின், ஒரு பெட்டி, உள்ளே நரி, நரியின் கையில் பூட்டு. இறங்கியதும் பதிவேட்டைக் கேட்டார்.

"முப்பது நாளா வண்டி ஒண்ணும் நிக்கலைதானே?"

"இன்னைக்கு ஒண்ணு நின்னுச்சுங்க ஐயா."

"எது?"

"நீங்க வந்தது."

நரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வந்தது வண்டிதான், நின்றதும் உண்மைதான். இன்னும் முப்பது நாள் கழித்து வந்து மூடுவதாக எழுதிக் கையெழுத்திட்டார். திரும்பிப் போக எஞ்சினைப் பின்னால் மாட்ட வேண்டுமே, நாற்பது நிமிடம் ஆனது. நரி ஆறு வடை தின்றார்.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் மூட வருகிறார். வடையின் புகழ் பரவி, இப்போது கூடவே எட்டு அதிகாரிகள், மூன்று பெட்டி. கால அட்டவணையில் 'மூடும் வண்டி' என்றே ஏற்றிவிட்டார்கள். அதற்குக் கொடி காட்டப் பேச்சியம்மாளின் குட்டிகள் அடித்துக்கொள்கின்றன.

நீதி: உங்களை ஒழித்துக்கட்ட வருகிறவரை வண்டியிலேயே வரச் சொல்லுங்கள், உங்களுக்கென்று ஓடுவது இனி அது ஒன்றுதான்.