சிற்றலையில் ஒரு மன்னிப்பு

நாலு மணிக்கு இலங்கை வானொலியில் தன் பெயர் வரும் என்று மலையாண்டி காத்திருக்க, மூன்றே முக்காலுக்கு மீமிசல் ஊராட்சி ரேடியோ கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பாளரான அவருக்கு வியர்த்தது.

அந்த ரேடியோவுக்கு உறை தைக்கத்தான் மனைவியின் கூறைப் புடவையைக் கேளாமல் கிழித்தார். அன்றே திருவரங்குளத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போன செங்கமலம் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. மாமனார் வாசலில் தலைகுனிய அவருக்கு மனம் வரவில்லை. மன்னிப்பை எழுதி, அவளுக்குப் பிடித்த பாட்டையும் கேட்டு, நேயர் விருப்பத்துக்கு அனுப்பினார். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசிப்பதாகப் பதில் வந்தது. திருவரங்குளத்திலும் ஊராட்சி ரேடியோ உண்டு.

"ஏரியலை ஒசத்திக் கட்டுங்கண்ணே" என்றான் மீன்பிடிக்கும் கண்ணுசாமி.

தென்னையில் ஏற்றிக் கட்டினார். திருச்சி நிலையம் உள்ளே நுழைந்து நெற்பயிருக்கு உரம் இடச் சொன்னது.

"மண்ணுல பொதைச்ச எர்த்துக் கம்பி காஞ்சிருக்கும். தண்ணி ஊத்துங்க."

ஒரு குடம் ஊற்றினார். உரமும் போய், புரியாத மொழியில் யாரோ சிரித்தார்கள்.

"ஒங்க மன்னிப்பைப் படிச்சுட்டாங்க போல!"

"வாயை மூடுடா!"

புதுப் பேட்டரியை எடுத்துப் பூட்டினார். அவசரத்தில் முனை மாறிவிட்டது. 'டப்' என்ற ஓசை, கொஞ்சம் புகை, பிறகு கடலிரைச்சல் மட்டுமே.

கண்ணுசாமி ஆழ்ந்து யோசித்தான். "கடலைத் தாண்டி வார சத்தம் மொதல்ல நம்ம ஊரைத்தானே தொடணும்? இங்கிட்டே வரலே. திருவரங்குளத்துக்கு எப்பிடிண்ணே போயிருக்கும்?"

மலையாண்டிக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினார். மாமனார் வீட்டு வாசலில் செங்கமலம் நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இங்கிட்டு?"

"ரேடியோவுல ஒனக்கு ஒண்ணு சொல்லியிருந்தேன். வந்து சேரலே."

"என்ன சொன்னீங்க?"

கதவருகில் மாமனார் நிற்பது தெரிந்தது. மலையாண்டி தொண்டையைச் செருமினார்.

"புடவையைக் கிழிச்சது தப்பு. மூணு மாசமா அந்த ரேடியோதான் எங்கிட்டப் பேசுது. நான் பேச ஒரு ஆளில்லே. வந்துரு, செங்கமலம்."

"காதுல சரியா விழலீங்க."

இன்னும் உரக்கச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

பக்கத்து வீட்டு அழகம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன்டி, நேத்து ரேடியோவுல கேட்டதுமே பெட்டியைக் கட்டி வச்சுட்டு, பாவம், அந்த மனுசனை எத்தனை தடவைடி சொல்ல வைப்பே?"