பனியில் ஒரு ஆள்

நடுவர் இன்னும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தக் குளிர் ஊரின் தமிழ்ப் புகைப்படச் சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். முகம் பார்த்திராத அந்தப் பெரிய மனிதரிடம் ஃபோனிலேயே கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியவரும் அவர்தான். நடுவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால்தான் சங்கத்துக்குக் கண்காட்சி நடத்த இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வேறு செயலாளர் பார்க்க வேண்டியிருக்கும் என்று தலைவரான பல் டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"அவர் வர்றப்ப வரட்டும். போட்டிப் படங்களைப் போடுங்க. எல்லாரும் ஃபோனை அணைச்சிடுங்க, வழக்கம்போல" என்றார் டாக்டர்.

செயலாளரும் அரைமனதோடு அணைத்தார்.

அன்று முதல்முறையாக வாடகைக்கு எடுத்த மாடி அறை. எல்லாரும் பின்வாசல் வழியாக ஏறி வந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. பழக்கமில்லாத ரிமோட்டில் குத்துமதிப்பாக ஒரு பொத்தானை அழுத்தினார். படம் வந்தது. பனி மூடிய முற்றம், ஒரு விளக்குக் கம்பம், இடது ஓரத்தில் குல்லாவும் மஃப்ளருமாக ஒரு ஆள்.

"அந்த ஆளை எதுக்கு மூலையில தள்ளியிருக்காங்க? தண்டனையா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பாவம், குளிர்ல நடுங்குறாரு போல" என்றார் செயலாளர்.

"நீங்க மருந்து விக்கிற கண்ணால பாக்குறீங்க. படத்தைப் பாருங்க" என்றார் டாக்டர்.

செயலாளர் அவசரமாக மறுபடி அழுத்தினார். அதே முற்றம். இப்போது அந்த ஆள் நட்டநடுவில் நின்று கையை ஓங்கியிருந்தார்.

"ஒரே இடத்துல ரெண்டு படமா? கற்பனைப் பஞ்சம்" என்றார் கணக்கு டீச்சர். "கையை வேற ஓங்குறான். நாடகம்."

அடுத்ததில் அந்த ஆள் ஃபோனைக் காதில் வைத்திருந்தார்.

"போச்சு. இருந்த கொஞ்சநஞ்ச அமைதியும் போச்சு" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்ததில் படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்மளை அழ வைக்கப் பாக்குறாங்க. எனக்கு இதைப் பார்த்தா சிரிப்புதான் வருது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

கடவுள் பார்க்கக் கொடுத்த கண்ணைக் குற்றம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் அது தொற்றிக்கொள்ளும். பதவியை நினைத்துச் செயலாளரும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னைக் கேட்டா, இந்த ஆளையே வெட்டித் தூக்கிப் போடணும். அப்பத்தான் படம் உருப்படும்."

"இப்பதான் செயலாளர் மாதிரி பேசுறீங்க" என்று டாக்டர் அவர் முதுகில் தட்டினார். செயலாளருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உற்சாகத்தில் மறுபடி அழுத்தினார். முற்றம் காலியாக இருந்தது.

"ஆகா. இது படம்" என்றார்கள் மூவரும்.

அப்போது செயலாளரின் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எப்போதும் போர்த்தியிருக்கும் சால்வை தோளில் இல்லை. டிவியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அமுக்குறப்பல்லாம் ஒரு படம் காட்டுற வாசல் கேமராவைப் போட்டு வச்சுக்கிட்டா எல்லாரும் உட்கார்ந்திருக்கீங்க? அந்த மனுஷன் தட்டித் தட்டி ஓய்ஞ்சுபோயிட்டாராம். கீழ ஹீட்டர் பக்கத்துல உட்கார வச்சுட்டு வந்திருக்கேன், உங்க நடுவராம்."