வளைவில் தொங்கிய அண்டா மூடி

எங்கள் அபார்ட்மென்ட் பூதக்கண்ணாடி அண்ணனைப் போல் நல்ல எண்ணத்தோடு ஊரையே கொளுத்தக்கூடிய மனிதர் வானகரத்தில் வேறு யாரும் கிடையாது. எதையும் பெரிதாக்கிப் பேசுவதால் வந்த பெயர். மூன்றாவது மாடியில் யாராவது தும்மினால் இவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் கம்பெனியில்.

அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து ஏறும், மேலே கூரையில்லாத வளைவில், எதிரே வரும் வண்டி தெரிவதற்காக, வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் எல்லாம் சின்னதாகத் தெரிவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"லாரி கூட எலி மாறி தெரிது நைனா. தூரத்துல கீதுன்னு நெனச்சி எவனாவது வந்து மோதிடுவான்."

மறுநாளே பிரியாணி அண்டாவின் பெரிய எவர்சில்வர் மூடியைப் பளபளவென்று தேய்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழிந்த பக்கம் தெரிய மாட்டிவிட்டார். கிட்டே போனால் நம் மூஞ்சி பூசணிக்காய் அளவு. தள்ளி நின்றால் கார் தலைகீழாக வந்தது.

"என்னண்ணே, கவுந்து வருது?" என்றேன்.

"கவுந்து வந்தா தூரம். நிமிந்துட்டா கிட்ட. இன்னா கஷ்டம் இதுல?"

அந்தக் குழி வெயிலையும் ஒரே இடத்தில் குவிக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, இன்ஜினியரிங் படித்துக் கிழித்த எங்களுக்கும் தோன்றவில்லை.

சித்திரை வெயில். பிற்பகலில் நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. பின்சீட்டில் உட்காரவைத்துக் காரை எடுத்தால், வளைவில் குறுக்கே நின்ற பைக்கின் சீட்டிலிருந்து புகை. துளியூண்டு வெளிச்சப் பொட்டு ஒன்று சீட்டை எரித்துக்கொண்டு பெட்ரோல் டேங்க் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே போக வேறு வழியும் இல்லை.

"ஏங்க, முடியலங்க" என்று அவள் என் தோளைப் பிடித்தாள். நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன்.

எங்கிருந்தோ ஓடிவந்தார் மனுஷன். கட்டியிருந்த லுங்கியை உருவி அண்டா மூடியின் மேல் போட்டார். கோடு போட்ட அண்டர்வேரோடு, எரிகிற சீட்டை வெறுங்கையால் அமுக்கி அணைத்து, பைக்கை ஓரமாகத் தள்ளினார்.

"என்னிய இன்னா பாத்துகினு கீற? போ நைனா."

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அறை வாசலோடு நின்றுவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. உள்ளே வரச் சொன்னேன்.

"வேணா நைனா. என்னால இந்தப் புள்ளைக்கி..."

நான் குழந்தையைக் கொண்டுபோய் நீட்டினேன். கட்டுத்துணி உறுத்தப்போகிறதே என்று முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டு, மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றார். பிறந்ததிலிருந்து வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்த என் மகள், அங்கேதான் முதன்முதலாகக் கண்ணயர்ந்தாள்.