எண்பது சாசேஜும் ஒரு கைக்கட்டும்

அறுபத்தோராவது வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

முடிவு என்னுடையதுதான். எடுக்கச் சொன்னது என் மனைவி.

முப்பத்தேழு வருஷம் ஒரு திருகாணிக் கிடங்கில் வேலை பார்த்தேன். வருகிற பெட்டியை எண்ணுவது, போகிற பெட்டியை எண்ணுவது, இரண்டும் சரிதானா என்று இன்னொரு முறை எண்ணுவது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் காகிதத்தை நான் நம்பமாட்டேன். வலது கைதான் என் நோட்டு. நான்கு விரலில் பன்னிரண்டு கணு. கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் கணக்குத் தப்பாது. எண்ணிக்கை எனக்கு வரும்; பேச்சு வராது. இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டை எண்ணத் தொடங்கினேன். ஐந்தாம் நாள் துணிக் கிளிப்புக்கு வந்து சேர்ந்தேன்.

"ஏம்மா, கிளிப்புல ரெண்டு குறையுது."

"எதுல ரெண்டு?"

"நாற்பதுல."

"நாற்பது இருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"அட்டையில போட்டிருக்கே."

"அட்டை வாங்கி ஆறு வருஷம் ஆச்சுங்க. அந்த ரெண்டும் ஓய்வு வாங்கிட்டுப் போயிருக்கும். ஆனா பாருங்க, அதுங்க வீட்டுல உக்காந்து என் உயிரை வாங்கல. நீங்களும் எங்கயாவது வெளியில போய் எதையாவது எண்ணுங்க."

போனேன். ஒரு தள்ளுவண்டி வாங்கினேன். ஹாட் டாக் வண்டி.

"ஹாட் டாக்கா? பேரைக் கேட்டாலே கடிக்க வருதே!"

"அது கடிக்காது. நாமதான் கடிக்கணும்."

"பக்கத்து வீட்டுக்காரர் சிரிச்சாலே கதவைச் சாத்திக்குவீங்க. நாலு பேரைக் கூப்பிட்டு விக்கணுமே, கடை எப்படி நடக்கும்?"

"நடக்கும். சக்கரம் இருக்கு."

பேச்சில் நான் அவளை வென்றது அந்த ஒரு முறைதான். தேதி ஞாபகம் இருக்கிறது.

கடை உண்மையிலேயே நடந்தது. மூன்று அலுவலகக் கட்டடங்கள் எதிரெதிரே நிற்கும் முனை. உள்ளே இருக்கிறவர்களுக்குப் பகலில் அரை மணி நேரம்தான் இடைவேளை. அதற்குள் தின்றுவிட்டுத் திரும்பி ஓடவேண்டும். இதை மூன்று நாள் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை அங்கே நிறுத்தினேன். வெந்நீர்த் தொட்டியில் எண்பது சாசேஜ். எடுத்து இரும்புத் தட்டில் போட்டால் நாலே புரட்டு. ஐந்தாவது புரட்டில் தோல் வெடிக்கும். பன்னை முழுதாகப் பிளக்கக் கூடாது. ஒரு விரல் அகலம் ஒட்டியிருந்தால்தான் தின்கிறவர் சட்டை பிழைக்கும். கடுகு சாஸ் ஒரு கோடு, தக்காளி சாஸ் ஒரு கோடு. இரண்டு மணிக்குள் எண்பதும் தீர்ந்துவிடும். ஒரு நாளும் மீந்ததில்லை.

வாய் திறந்து ஒருவரைக்கூட நான் கூப்பிட்டதில்லை. வெங்காயம் வதங்கும் வாசனை கூப்பிட்டுக்கொண்டது.

இவ்வளவு நன்றாக நடந்த வியாபாரத்தில் எனக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு நாள் அதையும் எண்ணினேன். வந்தவர்கள் எண்பது பேர். என்னிடம் அவர்கள் பேசிய சொற்கள் நூற்று எழுபத்தொன்று. "ஒண்ணு." "சீக்கிரம்." "வெங்காயம் வேணாம்." நான் பேசிய சொற்கள் ஒன்பது. அதில் நான்கு, சூடான தட்டில் விரல் பட்டபோது சொன்னவை. தின்னும்போது எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள். எண்பது பேர் என் எதிரில் வாயைத் திறந்தார்கள். பேசுவதற்காக அல்ல.

பக்கத்தில் சாவிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேசுகிற மனிதர்தான். ஆனால் சாவி தேய்க்கிற இயந்திரம் ஓடும்போது மட்டும்தான் அவருக்குப் பேச்சு வரும். எனக்கு ஒன்றும் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவேன். நான்கு மாதத்தில் எதற்கெல்லாம் சம்மதம் சொல்லியிருக்கிறேனோ தெரியாது.

வீட்டுக்குப் போனால், "கை கழுவுங்க, வெங்காய வாடை." அதோடு சரி. அவள் தொலைக்காட்சி பக்கம் திரும்பிவிடுவாள். நான் சுவர்ப் பக்கம்.

வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேறு யாரும் வேண்டாம். இவள்தான் வேண்டும். "நீயும் வாயேன்" என்று கேட்டால் முடிந்தது. இரண்டே சொல். சாசேஜ்களிடம் மூன்று நாள் சொல்லிப் பழகினேன். அவை மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தால் நேரே கை கழுவப் போய்விடுவேன். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் "வா" என்று கூப்பிட்டதில்லை; "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்த்தான் பழக்கம். கேட்டால், "ஏன், தனியா நிக்க பயமா?" என்பாள். அதற்குப் பதில் 'ஆமாம்' என்பதுதான் சங்கடம்.

ஆகவே திட்டம் போட்டேன். மருந்துக் கடையில் துணிக்கட்டு வாங்கி, வலது மணிக்கட்டிலிருந்து விரல்கள் வரை ஏழு சுற்று சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னங்க இது?"

"மணிக்கட்டு. வண்டியைத் திருப்பினப்போ பிசகிடுச்சு."

"விரல் அசையுதா?"

"அசையல."

"ஒண்ணுகூடவா?"

"அஞ்சும்."

"அப்ப நாளைக்கு வண்டி?"

"அதான்... மூணு நாளைக்கு மூடிடலாமோன்னு..." என்று இழுத்தேன்.

"எதுக்கு மூடணும்? நான் வர்றேன்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

மறுநாள் பன்காரர் வந்து தட்டுகளை இறக்கினார். எட்டுத் தட்டு, தட்டுக்குப் பத்து. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவள் இடுக்கியைக் கையில் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று வழி சொன்னேன்.

"நாலு புரட்டு. அஞ்சாவது வேணாம்."

"சரி."

"கோடு நேரா வரட்டும்."

"இது சாஸா, ஸ்கேல் வச்சுப் போடற கோடா?" என்று பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஊற்றினாள். எதிரில் நின்ற பெண் சிரித்தாள். நான்கு மாதத்தில் என் வண்டி முன்னால் கேட்ட முதல் சிரிப்பு.

அப்புறம் அவள் வாய் மூடவில்லை. "என்னம்மா, நேத்தும் வெங்காயம் வேணாம்னுதான் சொன்னியாமே, யார்கூட ரகசியம் பேசப் போற?" "தம்பி, அந்த ஃபோனைக் கீழ வை, அதுக்கும் ஒண்ணு போடணுமோ?" "ஐயா, இவர் என் வீட்டுக்காரர். கையைப் பாருங்க, உழைச்ச உழைப்புல பிசகிக்கிச்சு." ஒரு மணிக்கே எண்பதும் தீர்ந்தன. அவள் பேசிய சொற்களை ஆயிரத்து நானூறு வரைக்கும் எண்ணினேன். எனக்கு வந்தவை ஆறு. "தள்ளி நில்லுங்க" என்று மூன்று முறை.

பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிறாள் என்று தேற்றிக்கொண்டேன். அதுவும் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் நான் செருப்பை மாட்டும்போது குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"வண்டிக்கு."

"கூட்டம் இடிக்குது. கை இன்னும் பிசகிக்கும். வீட்டுல இருங்க."

"இப்ப சரியான மாதிரி இருக்கு."

"மாதிரி இருந்தாப் போதாதுங்க. சாவிக்காரரோட மச்சான் இப்படித்தான் அவசரப்பட்டுக் கட்டை அவுத்தாராம். இன்னைக்கு அவரால சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்க முடியல."

"ஆனா..."

"அஞ்சு விரலும் அசையலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது.

அதிலிருந்து பத்தொன்பது நாள். அவள் காலையில் போவாள், சாயங்காலம் வருவாள். "கை கழுவு, வெங்காய வாடை" என்று சொல்லிப் பார்த்தேன். "இனிக்குது" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எண்பது சாசேஜ் நூற்றிருபதாகி, நூற்று அறுபதாயிற்று. பன்காரர் பதினாறு தட்டு இறக்கினாராம். அதை எண்ணக்கூட நான் அங்கே இல்லை.

பகல் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கிளிப்பு எண்ணிய நாட்களில் பேச அவளாவது இருந்தாள். இப்போது தெரிந்தது. குளியலறைக் குழாய் நிமிஷத்துக்குப் பதினான்கு சொட்டு. தரையில் இருநூற்றுப் பன்னிரண்டு கல், அதில் மூன்று விரிசல். பன்னிரண்டு மணிக்கு மேல் கடிகாரம் மட்டும்தான் பேசும். கல்யாணமாகிப் போன மகள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்தத் தொலைபேசி வெறும் மேஜைச் சாமான். ஒரு மத்தியானம் சமையலறை ஜன்னலில் போய் நின்றேன். ஜன்னல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பச்சைப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. முழங்கை இரண்டையும் ஊன்றிப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் தெரியும். வேறொன்றும் தெரியாது. செங்கல் வரிசைகளை எண்ணினேன். நாற்பத்தாறு. மறுநாளும் எண்ணினேன். அதற்கடுத்த நாளும் எண்ணினேன். அதற்கப்புறம் எண்ண மனசு வரவில்லை.

இருபதாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது, இனி என்ன ஆனாலும் ஆகட்டும்.

முனையில் வரிசை சாவிக்காரரையும் தாண்டி நின்றது. குறுக்கே புகுவது எனக்குப் பிடிக்காது. கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார்.

"நீங்கதானே அந்தக் கை?"

"ஆமா" என்றேன்.

"எப்படி இருக்கு இப்ப?"

அவருக்கு முன்னால் நின்ற பெண்ணும் திரும்பினாள். "ஐயா, அசைக்காதீங்க. அம்மா தினமும் சொல்லிச் சொல்லி வருத்தப்படறாங்க."

வரிசை நகர்ந்தது. அடுப்புச் சூடு முகத்தில் பட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. வரிசையில எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

"எந்தக் கையில எண்ணினீங்க?"

குனிந்து பார்த்தேன். கட்டுக்கு வெளியே என் வலது கட்டைவிரல், மோதிர விரலின் முதல் கணுவில் உட்கார்ந்திருந்தது.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"முத நாளே தெரியும். பன் தட்டை எண்ணினீங்களே. கட்டுக்குள்ள கட்டைவிரல் எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு."

"தெரிஞ்சுமா கூட நின்னே?"

"என்னைக்காவது வான்னு கூப்பிடுவீங்கன்னு எத்தனை வருஷம் இருந்திருப்பேன்! வாயால கூப்பிட வரல, கையால கூப்பிட்டீங்க. சரி, அதாவது வந்துச்சேன்னு நின்னேன்."

"அப்புறம் என்னை ஏன் வீட்டுல போட்டுப் பூட்டினே?"

சாசேஜை நாலாவது முறையாகப் புரட்டினாள். ஐந்தாவது புரட்டவில்லை.

"ஜன்னல்ல நின்னீங்களா?"

"நின்னேன்."

"எத்தனை வரிசை செங்கல்?"

"நாற்பத்தாறு."

"நாற்பத்தேழு. அடியில ஒண்ணு இருக்கு, குப்பைத் தொட்டி மறைக்கும். புதன்கிழமை தொட்டியை எடுத்துட்டுப் போவாங்க, அப்பதான் தெரியும்." பன்னைப் பிளந்தாள். "நான் முப்பத்தேழு வருஷம் பாத்த சுவருங்க அது. பத்தொன்பது நாள் நீங்களும் பாருங்கன்னு விட்டேன்."

கட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ஐயோ, அவுக்காதீங்க! இவங்க அத்தனை பேரும் உங்க கையை விசாரிக்கத்தான் ரெண்டாவது ஹாட் டாக் வாங்கறாங்க. கட்டு இருக்கட்டும். இப்படி என் பக்கத்துல வந்து நில்லுங்க. இடது கையில எண்ணுங்க."

ஒரு ஹாட் டாக்கை என் இடது கையில் வைத்தாள். சாஸ் வளைந்து வளைந்து போயிருந்தது. தின்றுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

அன்று மட்டும் இருபத்தெட்டுப் பேர் என்னிடம் பேசினார்கள். எல்லாம் கையைப் பற்றித்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். "பரவாயில்ல" என்று இருபத்தெட்டு முறை சொன்னேன். என் வாழ்க்கையில் அது பெரிய உரை. இடது கை பழக்கமில்லாதது; கணு ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது. என்றாலும் ஏற்கெனவே விற்றதை அவளிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்தேன்.

வெந்நீர்த் தொட்டி காலியானது. அவள் அடுப்பை அணைத்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஏம்மா, தொட்டியில போட்டது நூற்று அறுபது. வித்தது நூற்று ஐம்பத்தொன்பது. ஒண்ணு குறையுது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குறையல. வாயைத் துடைங்க, கடுகு சாஸ் ஒட்டியிருக்கு."