வெள்ளை அடித்த ஸ்டார்ட்டர்

ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் படகில் ஏற்றி, ஏரியை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, வாயடைக்க வைப்பது என்று கேப்டன் முடிவு செய்துவிட்டார்.

கேப்டன் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பிழைப்பு என்னவோ ஜன்னல் திரை விற்பதுதான். பழைய பெட்ரோல் படகு ஒன்றை வாங்கிய நாளிலிருந்து, கடையில் துணி அளக்கும்போதுகூடத் தூரத்தில் புயல் வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொள்வார். மற்றவர்கள் பெருந்தன்மையாகக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். மனைவியின் அண்ணன் மட்டும், "மாப்பிள்ளை, அந்தத் தொட்டி இன்னும் மிதக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் படகில் ஏற்றும் முதல் ஆள் தானாகத்தான் இருக்கவேண்டும் என்பது கேப்டனின் வைராக்கியம்.

புதன்கிழமை படகின் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் மண்டையைப் போட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். புதியது வர அடுத்த வாரமாகும் என்று படகுச் சாமான் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

படகில் இருப்பது அடிப்படையில் ஒரு கார் இன்ஜின். வீட்டு வாசலில் ஒரு கார் சும்மா நிற்கிறது. கேப்டனின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாதவரைக்கும் அந்த வீட்டில் நிம்மதி இருக்கும். காரின் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் படகில் மாட்டினார், அளவெடுத்த மாதிரி பொருந்தியது. படகு ஸ்டார்ட்டர் வெள்ளையாக இருக்கும், கார் ஸ்டார்ட்டர் கறுப்பு. அதனாலென்ன, ஒரு டப்பா வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடித்தார். காய்ந்தபின் பார்த்தால், பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது.

மனைவி பெட்ரோல் பங்கில் சூப்பர்வைசர். பம்ப் பக்கத்தில் சிகரெட் எடுத்தவன் யாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குக் கிளம்பியவள் சாவியோடு திரும்பி வந்தாள்.

"என்னங்க, கார் ஸ்டார்ட் ஆகலை."

"பேட்டரி இறங்கியிருக்கும். நடந்து போ, உடம்புக்கு நல்லது."

"சரிங்க. படகுக்கு ஸ்டார்ட்டர் கிடைச்சுதா?"

"மாட்டியே முடிச்சாச்சு."

"படகுக்குன்னு செஞ்சதுதானே?"

"பின்ன, மாவரைக்கிற மெஷினுக்குச் செஞ்சதையா மாட்டுவாங்க?"

"அதுக்கில்லை. கார் ஸ்டார்ட்டர் சுத்தும்போது தீப்பொறி வரும். கார்ல காத்தோட்டம் இருக்கு, ஒண்ணும் ஆகாது. படகுல பெட்ரோல் ஆவி கீழே இறங்கி, இன்ஜின் பெட்டிக்குள்ளேயே தேங்கி நிக்கும். அதான் படகு ஸ்டார்ட்டரைப் பொறி வெளியே வராத மாதிரி மூடிச் செய்யறாங்க."

"கேப்டனுக்கே பாடமா?"

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரே பேச்சில் இரண்டு 'சரிங்க' சொன்ன நாளெல்லாம் கேப்டனுக்கு ஆகாத நாள். இது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வெள்ளைத் தொப்பியோடு படகில் நின்றார். மச்சான் கரையில் நின்றார். மனைவி ஒரு கையில் பங்கிலிருந்து இரவல் வாங்கிய தீயணைப்பு சிலிண்டரும், மறு கையில் மணல் வாளியுமாக வந்து சேர்ந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"சும்மா, கையில இருக்கட்டுமேன்னு. இன்ஜின் மூடியைத் திறந்து மோந்து பாருங்க."

கேப்டன் திறந்தார். உள்ளே ஸ்டார்ட்டர் வெள்ளைவெளேரென்று மின்னியது. அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சட்டென்று மூடினார். ஆனாலும் மூக்கில் லேசாகப் பெட்ரோல் ஏறியது, அல்லது ஏறியதாகத் தோன்றியது.

"அண்ணா, நீ அந்த மரத்துப் பக்கம் தள்ளி நில்லு. நானும் வர்றேன். அவர் ஸ்டார்ட் பண்ணி வெக்கட்டும், அப்புறம் ஏறிக்கலாம்."

"ஏம்மா, வெடிக்குமா?" என்றார் மச்சான்.

"சே, படகு ஸ்டார்ட்டர்தானே? அவரே சொன்னாரு. நீங்க சாவியைத் திருப்புங்க."

கேப்டன் சாவியில் கை வைத்தார். கை திரும்ப மறுத்தது. அவள் சொன்ன தீப்பொறி ஒவ்வொன்றும் கண்ணுக்குள் பறந்தது. உண்மையாகவே பயந்துபோனார். தனக்காகக்கூட இல்லை. இதே படகில் அவளையும் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பியிருப்போமே என்று நினைத்ததும் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"திருப்பலை" என்றார்.

"ஏங்க?"

"அது கார் ஸ்டார்ட்டர். நம்ம கார்லதான் கழட்டினேன். பெயின்ட் அடிச்சேன். தப்புதான், என்னை மன்னிச்சிடு."

மரத்தடியிலிருந்து மனைவி நடந்து வந்து, சாவகாசமாகப் படகில் ஏறினாள்.

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம். காருக்குப் பேட்டரி பாக்க வந்த மெக்கானிக், ஸ்டார்ட்டரே இல்லைன்னு சிரிச்சிட்டுப் போனாரு. பங்குக்கு டேங்கர் ஓட்டிட்டு வர்ற டிரைவர் துறைமுகம் வழியாத்தான் வர்றாரு. அவர்கிட்ட சொல்லி அசல் படகு ஸ்டார்ட்டரே வரவழைச்சு, நேத்து மாட்டியாச்சு. உங்களது பழையபடி கார்ல இருக்கு."

"அப்ப எதுக்கு என்னை இந்த வெயில்ல வேர்க்க விட்டே?"

"அடுத்த தடவை பெயின்ட் டப்பாவை எடுக்கறப்ப ஞாபகம் வரணுமில்லை?"

கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு மிடுக்கும் திரும்பி வந்தது. பரவாயில்லை, சவாரி இன்னும் பாக்கி இருக்கிறது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தார்.

"ஏறுங்க மச்சான். என் படகு எப்படிப் போகுதுன்னு இன்னைக்குப் பாருங்க."

மச்சான் தயங்கித் தயங்கித் தங்கையைப் பார்த்தார்.

"மாட்டினது சரியா ஓடுதான்னு நேத்தே ஏரியை மூணு சுத்து சுத்திட்டோம் மாப்பிள்ளை" என்றார். "தங்கச்சி ஓட்டினா குலுங்கவே மாட்டேங்குது."