மருமகன் போடாத கையெழுத்து

அதிகமாகக் கட்டிய வரியை அரசாங்கம் திருப்பித் தரும் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது கைக்கும் வந்து சேரும் என்று நம்புகிற மக்கள் இருப்பதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. கரையோர வரி மீளளிப்புக் கந்தோருக்கு எதிரே மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான்.

மருதமுனை சீனிமுகம்மது காக்கா அக்கரைப்பற்றில் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருஷம் களஞ்சியம் பார்த்தவர். ஓய்வு பெற்ற மாதம் கம்பனி ஒரு பெருந்தொகை கொடுத்தது. மனுஷன் மாதாமாதம் இவ்வளவு வாங்குவார் என்று கருதி, அதிலேயே வரியையும் வெட்டியது. திரும்பி வரவேண்டியது நாலு லட்சத்து எண்பதாயிரம்.

அந்தக் காசுதான் கூரை. மகள் ஸம்றாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு சுவரோடு நின்றது. கூரை போட்ட பிறகுதான் கலியாணக் காவின் எழுதுவது என்று மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை றிபாத் தங்கமான பிள்ளை. உத்தியோகமும் இந்தக் கந்தோரில்தான், மீளளிப்புப் பிரிவில்.

மருமகனே உள்ளே இருக்கும்போது என்ன கவலை என்று ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன். எட்டு மாதமாக இணையத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே காட்டியது. ஒருநாள் காக்கா என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"மகன், நம்மட ஃபைல் எங்க கிடக்கு?"

"என்ட மேசையிலதான் கிடக்கு மாமா."

"அப்ப கையெழுத்தப் போடுங்களன்!"

"போட ஏலா மாமா. நான் உங்கட மருமகன். உறவுக்காரர்ர ஃபைல்ல நான் கை வெக்கப்படா."

"இன்னும் காவின் முடியல்லியே!"

"முடியல்லதான். கூரை போட்டா முடியும். கையெழுத்துப் போட்டாக் கூரை வரும். அப்ப நான் கையெழுத்துப் போட்டா மருமகனாயிருவன். அதாலதான் போட ஏலா."

காக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு உத்தியோகத்தர் யாரும் இல்லையா என்று கேட்டோம். இருந்தது, மூன்று வருஷமாக வெற்றிடம். வெற்றிடத்திற்குக் கதிரையும் முத்திரையும் வழங்கப்பட்டிருந்தன.

விடயம் பணிப்பாளர் ஜவுபர் சேரின் மேலான கவனத்திற்குக் கொண்டுபோகப்பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விசாரணை நடத்தினார்.

"அந்தக் கூரைக்குக் கீழ ஆரு படுக்கிற?"

"மகளும் மருமகனும் சேர்."

"பாத்தீங்களா! அப்ப இது றிபாத் தனக்குத்தானே எழுதிக்கிற காசி. பயனாளி எண்ட நிலமை நீங்கினாத்தான் வழி."

"எப்பிடி நீங்கும் சேர்?"

"நிச்சயத்த இடைநிறுத்தி ஒரு கடிதம் தாங்க. மூணு பிரதி. பள்ளிவாசல் சபையும் கிராம சேவகரும் உறுதிப்படுத்தணும். காசி வந்த புறகு திரும்பத் தொடங்கலாம், அது உங்கட குடும்ப விசயம்."

கடிதத்தை நான்தான் எழுதினேன். ‘மேற்படி இருவருக்குமிடையிலான விருப்பம் மறு அறிவித்தல் வரை செயலிழந்துள்ளதாக’ என்று ஒரு வரி நன்றாக விழுந்தது. இருநூறு ரூபா வாங்கினேன். பிரதிக்கு வேறு.

மோதிரம் திரும்பிப் போன அன்று ஸம்றா சாப்பிடவில்லை. பாமசி மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, மறுநாள் வேலைக்கும் போகவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

றிபாத் அன்று பின்னேரமே கையெழுத்துப் போட்டான். மூன்று கிழமையில் காசு வங்கிக்கு வந்தது. அடுத்த மாதம் கூரை ஏறியது. ஓடு ஏற்றி முடித்த அன்றே சபியா உம்மா தொதல் இனிப்புத் தட்டோடும் மகனோடும் வந்து இறங்கினார். அது முடிந்து ஒரு மணித்தியாலத்திற்குள் காக்கா சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும்.

"இடைநிறுத்தினத்தத் திரும்பத் தொடங்குவம்" என்றானாம் றிபாத்.

ஸம்றா முன்னால் வந்து நின்றாளாம்.

"ஒண்டு கேக்கிறன். கூரை இல்லாமக் காவின் எழுதியிருந்தா இந்தக் கூத்து ஒண்டும் வந்திருக்காதே. காசி வரக்குள்ள வரட்டுமெண்டு, வாப்பாட ஊட்டுலயே ஒரு அறையில இருந்திருக்கலாம். அது ஏன் உங்களுக்குத் தோணல்ல?"

றிபாத் யோசித்தானாம். உண்மையாகவே தோன்றவில்லை. ஜவுபர் சேருக்கும் தோன்றவில்லை. பள்ளிவாசல் சபைக்கும் கிராம சேவகருக்கும் தோன்றவில்லை. மூன்று பிரதி எழுதிய எனக்கும்தான்.

"தொதலக் கொண்டு போங்க மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் சீதனம் கூடாது என்று மௌலவி உருக்கமாகப் பேசினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தொழுகை முடிந்ததும் காக்காவின் வீதியில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள் நின்றன. முதலாவது என்னுடையது. எனக்கும் கலியாண வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

கதவைத் திறந்தது ஸம்றாதான்.

"றஸாக் சாச்சா, நீங்க என்னையக் கேட்டா வந்த, ஊட்டக் கேட்டா வந்த?"

உன்னைத்தான் மகள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், வாசலில் வந்து நின்றதிலிருந்து நான் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.