மாப்பிள்ளையின் விமானமும் இரண்டாவது பேட்டரியும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் மகனும் சுகம், நானும் சுகம். இதை எழுதும் நேரத்தில் இருவரும் தரையில்தான் இருக்கிறோம் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

உங்கள் மகன் என் கார் ஷெட்டில் மூன்று வருடமாக விமானம் கட்டியது உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று வருடமும் என் கார் தெருவில் நனைந்தது தெரிந்திருக்காது. குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்காரும் விமானம், லட்சணமாகத்தான் வந்தது. பேட்டரி வாங்கும் கட்டத்தில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. மாப்பிள்ளை செங்கல் அளவில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, "இது ஒண்ணே போதும் மாமா, வெயிட் கம்மி" என்றார்.

"இது படுத்துட்டா?"

"இன்ஜின் ஓடுற வரைக்கும் ஆல்டர்னேட்டர் கரண்ட் குடுத்துட்டே இருக்கும் மாமா."

"அதுவும் படுத்துட்டா?"

மாப்பிள்ளை ஸ்க்ரூ எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். கரண்ட் போனால் லிஃப்ட் பிரேக் பிடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே இருப்பவர் என்னைத் திட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பார். விமானம் நிற்குமா சம்பந்தி? இந்த இன்ஜினுக்குத் தீப்பொறியும் பெட்ரோல் பம்பும் கரண்டில்தான். போதாததற்கு, பக்கத்து சீட்டில் முதலில் நான்தான் உட்காருவேன் என்று என் மகள் அடம். அதனால் இரண்டாவதாக ஒன்று வேண்டும், வேறு வகை வேண்டும், தனி வயர், தனி சுவிட்ச் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஈய பேட்டரி ஒன்றைக் காட்டியதும் மாப்பிள்ளை, "மூணு கிலோ மாமா!" என்று அலறினார். "அதை நீங்க உடம்புல குறைங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். தப்புதான். உங்கள் மகன் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறார் என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவும். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, "உங்கப்பாகிட்ட ஸ்பேனரைக் கேளு" என்று என் மகளிடம் சொல்வார். கடைசியில் அவளே, "ரெண்டாவது பேட்டரி இல்லாம நான் ஏறமாட்டேன்" என்றாள். மறுநாளே மாட்டிவிட்டார்.

மாப்பிள்ளை தனியாகப் பல தடவை பறந்து பார்த்தபிறகு, போன ஞாயிறு காலை மகள் ஏறப் போனாள். நான் முந்திக்கொண்டு உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். "அப்பா, இறங்குங்க!" என்று கத்தினாள். எனக்குக் காது கேட்கவில்லை. மேலே போனோம். என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பது அங்கிருந்து தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், எதிரிலிருந்த திரை அணைந்தது, இன்ஜின் நின்றது. அந்த அமைதியை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஏன் அப்படித் திட்டினார்கள் என்று அன்றுதான் புரிந்தது. மாப்பிள்ளை மூச்சுவிடாமல் கீழே கையை விட்டு இரண்டாவது பேட்டரியின் சிவப்பு சுவிட்சைத் தட்டினார். இன்ஜின் ஒரு தரம் இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிடித்துக்கொண்டது. பதினோரு நிமிடத்தில் இறங்கினோம்.

பிரித்துப் பார்த்ததில், கரண்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு ஆல்டர்னேட்டர் கண்டபடி கரண்டை ஏற்றியிருக்கிறது. ஆல்டர்னேட்டரைக் காவல் சுவிட்ச் துண்டித்துவிட்டது. அதற்குள் லித்தியம் பேட்டரியும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக விலகிக்கொண்டது. எங்களைப் பற்றி அது யோசிக்கவில்லை.

"மாமா, அந்த மூணு கிலோ..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "விடுங்க மாப்பிள்ளை" என்றேன். மகள் எங்கள் இருவர் சட்டையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அன்று மதியம் நான் தூங்கிய தூக்கம் பல மாதமாகத் தூங்காதது.

ஆகவே, தகப்பனார் என்ற முறையில் விமானத்தை விற்றுவிடும்படி நீங்கள் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இனி இந்த வீட்டில் யாரும் அதில் கால் வைப்பதற்கில்லை. இது என் முடிவான முடிவு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் என் மனைவியின் விசாரிப்பும். உங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு கால் ஊன்றி நடமாட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை புது ரெகுலேட்டர் மாட்டி, மகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, அடுத்த சுற்றில் நானும் போனேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மாப்பிள்ளையும் உங்கள் ஊர் விமானத் திடலில் இறங்குகிறோம். உங்களை ஒரு சுற்று ஏற்றிக்காட்ட அவருக்கு ரொம்ப ஆசை. பயப்படாமல் வாருங்கள் சம்பந்தி, ஒன்றும் ஆகாது.